இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

நாளொன்றுக்கு அறுபது லாரிகளை எடை போடுகிறவளுக்கு, தன்னை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தொரு வயதுவரை தோன்றியதே இல்லை. ரவிக்கை இறுக்குகிறது, தளர்கிறது என்பதோடு சரி. கர்ப்பம் என்று உறுதியான பிறகு, கிளினிக்கில் நர்ஸ் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு "ஏறி நில்லுங்க" என்றபோதுதான் தராசின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. கூச்சமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள். மூச்சை அடக்கினால் எடை குறையாது என்பது அந்தக் கட்டடத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அடக்கினாள்.

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே, மணலும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிகளுக்கான எடைமேடையில். தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தட்டு. அதன் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஜன்னலோடு சின்ன அறை. லாரி தட்டில் ஏறி நின்றதும் ஜன்னலுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். நின்ற எண்ணைச் சீட்டில் அடித்துக் கொடுப்பாள். டிரைவர்கள் அவளைக் கிலோக்கா என்றார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முதல் மூன்று மாதம் டீசல் வாசனை அவளைப் படுத்தி எடுத்தது. லாரி வளைவில் திரும்பும்போதே குடல் வாய்க்கு வந்துவிடும். எடை ஏறுவதற்குப் பதில் இரண்டு கிலோ இறங்கியது. நர்ஸ் பதறவில்லை. "வாந்தி இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துல இப்படித்தான். நாலாம் மாசத்துக்கு மேல பாருங்க" என்றார். நாலாம் மாதம் வாந்தி நின்றது. எடை மட்டும் நத்தை மாதிரி ஊர்ந்தது.

"வாரத்துக்கு நானூறு கிராமாவது ஏறணும்" என்றார் நர்ஸ், ஐந்தாம் மாதம்.

"அது எல்லாருக்குமா சிஸ்டர்?"

"இல்லம்மா. முன்னாடி பருமனா இருந்தவங்களுக்குக் கம்மியா ஏறினா போதும். நீங்க முன்னாடியே ஒல்லி. உங்களுக்கு மொத்தத்துல பன்னண்டு, பதிமூணு கிலோவாவது வரணும்."

"குழந்தை மூணு கிலோதானே? மீதிப் பத்து கிலோ யாரோடது?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு முட்டை வரைந்தார். "இது குழந்தை, மூணு. இது நஞ்சுக்கொடி, அரைக் கிலோவுக்கு மேல. சுத்தி இருக்கிற தண்ணி முக்கால், ஒண்ணு. கர்ப்பப்பையே ஒரு கிலோ கனம் ஆகிடும். மார்பு கொஞ்சம். ரத்தம் ஒண்ணரைக் கிலோ அதிகமா ஊறும். உடம்புல அங்கங்க தண்ணி நிக்கும். மீதி கொழுப்பு, பின்னாடி பால் கொடுக்கறதுக்கு உடம்பு எடுத்து வைக்கிறது."

"இத்தனை பேரு ஒரே வண்டியிலயா!"

"ஆமா, டிரைவர் நீங்க. போய் ஒழுங்கா சாப்பிடுங்க."

அந்தச் சீட்டை அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் ஒன்றரைக் கிலோ. தன் உடம்பு தன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ரத்தம் ஊற வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்க, வாடகைக்கு விட்ட வீட்டில் சத்தமில்லாமல் மாடி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டது போல இருந்தது.

ஒழுங்காகச் சாப்பிடுவது என்பது சொல்கிற அளவுக்கு எளிதாக இல்லை. சாப்பாடு இல்லாமல் அல்ல. அவள் கணவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவன். அவனுக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. ஒரு கைப்பிடி பருப்பு என்று அவன் போடுவது மூன்று வீட்டுக்குக் காணும். தட்டில் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"இன்னும் ஒரு கரண்டிம்மா. உனக்கில்ல, உள்ள இருக்கிறவங்களுக்கு."

"உள்ள இருக்கிறவங்க உங்ககிட்ட வந்து கேட்டாங்களா?"

"கேக்கத் தெரியாததுனாலதான நான் கேக்கறேன்."

அதே வீட்டின் கீழ்ப் பகுதியில் நாத்தனார் இருந்தாள். கணவனின் அக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு பையனைப் பெற்றாள். அப்போது இருபத்தைந்து கிலோ ஏறியது. பையனுக்கு மீசை அரும்பிய பிறகும் அதில் பதினாறு கிலோ அவளோடேயே இருந்தது. "காலி பண்ணச் சொன்னா பண்ணாத குடித்தனம் மாதிரி உக்காந்துக்கிச்சு" என்று அவளே சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஆனால் தம்பி தட்டை நிரப்பும்போது அவள் பார்வை தட்டின் மேலேயே இருக்கும்.

"ரெண்டு பேருக்குச் சாப்பிடறேன்னு ஆரம்பிச்சுத்தான் நான் இந்தக் கதிக்கு ஆனேன். உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாமல் அவள் அதை வாரத்துக்கு நான்கு முறை சொன்னாள்.

ஆக, கணவன் எதிரே இருந்தால் அவனுக்காக ஒரு கவளம் கூடுதலாக உள்ளே போனது. நாத்தனார் மாடியேறி வந்தால் தட்டில் பாதி மிஞ்சியது. இதை அவள் ஏழாம் மாதம்தான் கவனித்தாள், அதுவும் வேலையிடத்தில். காலை பதினொரு மணிக்கு லாரி வரத்து குறையும். அந்த நேரத்தில் யாரும் பார்க்காத அறையில், அவித்த முட்டையும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் எடுத்து வைத்துச் சாப்பிடுவாள். அப்போது வயிறு தானாக "போதும்" என்று சொல்லும். அந்தக் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் தான் சாப்பிட்டதில் எத்தனை கவளம் தன் பசிக்கு, எத்தனை கவளம் அடுத்தவர் முகத்துக்கு என்று யோசித்தாள். கணக்கு வரவில்லை. மணல் எது, ஜல்லி எது என்று தெரியாமல் கலந்து ஏற்றிய லாரி போலத்தான் அதுவும்.

இருபத்தெட்டாம் வாரம், மொத்தம் நாலரைக் கிலோதான் ஏறியிருந்தது. நர்ஸ் இந்த முறை படம் வரையவில்லை.

"பத்தாதும்மா. அடுத்த தடவை வரும்போது நல்லா ஏறியிருக்கணும். இல்லன்னா குழந்தை சரியா வளருதான்னு ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். வேலையையும் நிறுத்தச் சொல்லுவாங்க."

பத்தாது. எத்தனை டிரைவர்களிடம் அந்த வார்த்தையை அவள் ஜன்னலிலிருந்து சொல்லியிருப்பாள். தன்னை நோக்கி வந்தபோது தலை குனிந்தாள். குழந்தை உள்ளே இருந்துகொண்டு தன்னிடம் ஏதோ கேட்கிறது, தான் கொடுக்காமல் இருக்கிறோம் என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது போகவில்லை.

அதன் பிறகு அவள் இதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். எடைமேடை அறையில் மூட்டைகளுக்கான சிறிய தராசு ஒன்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் சனியும் காலை ஏழு மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே பருத்திப் புடவையில் அதன்மேல் ஏறினாள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தாள். கணவனிடம், "எதிர்ல உக்காராதீங்க, பக்கத்துல உக்காருங்க" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. ஆனால் நகர்ந்து உட்கார்ந்தான். மாலையில் முற்றத்தில் கொஞ்சம் நடந்தாள். முதல் வாரம் முந்நூற்றைம்பது கிராம். அடுத்த வாரம் நானூறு. மூன்றாவது வாரமும் நானூறு. எண்களைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. திங்கட்கிழமை பார்த்ததற்கு இரண்டு கிலோ கூட.

இறங்கினாள். மறுபடி ஏறினாள். அதே எண். மூலையில் இருந்த இருபது கிலோ சோதனை எடைக்கல்லை உருட்டி வந்து வைத்துப் பார்த்தாள். இருபது, ஒரு கிராம் பிசகில்லை. தராசில் கோளாறு இல்லை. ஏறியது அவள்தான்.

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். கணவன் கேன்டீனில் சொல்லி, ஒரு ஷிஃப்ட் ஆட்களே கை தட்டினார்களாம். "ரெண்டு கிலோ! ஒரே வாரத்துல! யாரு சமையல்?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நாத்தனார் மாடியேறி வந்து, அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இப்படித்தான் எனக்கும் ஆரம்பிச்சுது" என்றாள்.

"அக்கா, நல்ல நாளும் அதுவுமா உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்றான் தம்பி.

அவளுக்கும் சுருக்கென்றது. குறைந்தால் ஒரு பேச்சு, கூடினால் ஒரு பேச்சு. இந்த இரண்டு கிலோ மேல் நாத்தனார் கண் வைத்துவிடப் போகிறாள் என்று உள்ளே போய்ப் படுத்தாள். தலை லேசாக வலித்தது. சந்தோஷத்தில் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஹாரன் வந்தான். காரணமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிற டிரைவர் என்பதால் அந்தப் பெயர். மணல் லாரி. மேடையில் ஏறி நின்றதும் எண் எகிறியது. வழக்கமாக அந்த லாரி காட்டுவதைவிட ஒன்றரை டன் கூட.

"என்னண்ணே, இன்னிக்கு இவ்வளவு?"

"வண்டி புள்ளத்தாச்சியா இருக்கு கிலோக்கா, கண்டுக்காதீங்க!"

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். லாரியின் பின்கதவு இடுக்கில் தண்ணீர் ஒழுகி, இரும்புத் தட்டில் கோடு போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டியைக் கீழ இறக்குங்க."

"அக்கா, அவசரம்க்கா."

"சொட்டச் சொட்ட இருக்கிற மணலை எடை போட மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். ஓரமா நிறுத்துங்க. வடியட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு ஏறுங்க."

அங்கே அதுதான் விதி. நனைந்த மணலும் மணல்தான், தராசும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றரை டன் மணல் இல்லை. தராசு எவ்வளவு என்று சொல்லும். என்ன என்று சொல்லாது. அதைப் பார்க்கத்தான் ஜன்னல் ஓரம் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஹாரன் முனகிக்கொண்டே லாரியை ஓரம் கட்டினான். பிறகு டீ டம்ளரோடு ஜன்னலில் வந்து சாய்ந்தான். "கோவிச்சுக்காதீங்க கிலோக்கா. நல்லா சாப்பிடறீங்க போல. முகமெல்லாம் உப்பிப்போய் ஆளே மாறிட்டீங்க" என்றான்.

சீட்டு அடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

மேசைக்குக் கீழே குனிந்து கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கால் வீங்குவது சகஜம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சரி, கால். கை? மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. போன வாரம் பாத்திரம் கழுவும்போது தானாக நழுவி விழுந்த மோதிரம் அது. முகம்? அறையில் கண்ணாடி இல்லை. ஃபோனைக் கண்ணாடியாக்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு சின்னத் தலையணைகள். இரண்டு நாளாக விடாத தலைவலி.

ஐந்து நாளில் இரண்டு கிலோ சதை வைக்க முடியுமா? குழந்தையே முழுசாகச் சேர்ந்தாலும் இன்னும் இரண்டு கிலோ இருக்காதே. அப்படியானால் ஏறியது யார்?

பதில் தெரிந்துவிட்டது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள மனசு வரவில்லை. அந்த இரண்டு கிலோ அவளுக்கு வேண்டியிருந்தது. "பத்தாது" என்ற வார்த்தைக்கு அவளிடம் இருந்த ஒரே பதில் அது. கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது, கை தட்டிய கேன்டீன், எல்லாம் அதன்மேல்தான் நின்றது. கிளினிக்குக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் இந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டால் என்ன? ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்துக்கொள்ளத் தன்னால் முடிகிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஃபோனை எடுத்தாள். கணவனைக் கூப்பிட விரல் வரவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, சனிக்கிழமை சொன்னீங்களே, இப்படித்தான் எனக்கும் ஆரம்பிச்சுதுன்னு. எப்படி ஆரம்பிச்சுது?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல. முகம் மினுமினுன்னு ஆச்சு. வளையல் கழல மாட்டேன்னுது. எல்லாரும் பூரிப்பு பூரிப்புன்னாங்க. எங்க அம்மா திருஷ்டி கழிக்காத குறை. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். தலைவலின்னேன், தூங்கினா சரியாப் போகும்னாங்க. அப்புறம் கண்ணு முன்னாடி பூச்சி பறந்துது. எட்டாம் மாசமே அறுத்து எடுத்தாங்க. ரத்தக் கொதிப்பாம். பையன் இருபது நாள் கண்ணாடிப் பொட்டியில கெடந்தான். ஏன், உனக்குத் தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா."

"கையி?"

"மோதிரம் கழல மாட்டேங்குது."

"அங்கயே இரு. எங்கயும் நடக்காத. ஆட்டோ புடிச்சு வரேன்."

இருவரும் ஆட்டோவில் கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்: "இதை ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல? ரெண்டு பேருக்குச் சாப்பிட்டதுனாலதான்னு சொல்லிட்டு இருந்தீங்க?"

நாத்தனார் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "எல்லாரும் அப்படித்தான சொன்னாங்க. தின்னு தின்னு நானே இழுத்து விட்டுக்கிட்டேன்னு. கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன் போல."

நர்ஸ் தராசைப் பக்கம்கூடக் கொண்டு வரவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லிவிட்டு மறுபடி காற்றடித்தார். சிறுநீர் எடுத்து வரச் சொன்னார். அவர் வேகமாகப் பேசுவதை நிறுத்தியதிலிருந்தே விஷயம் தெரிந்துவிட்டது.

"பிரஷர் அதிகமா இருக்கு. யூரின்ல புரதம் போகுது. அட்மிட் ஆகணும்மா, இன்னிக்கே." பிறகு, "வியாழக்கிழமை வரைக்கும் விடாம வந்தீங்களே, யாரு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சிஸ்டர். அஞ்சு நாள்ல ஏறின ரெண்டு கிலோ யாரோடதுன்னு கேட்டுப் பாத்தேன்."

"நான் அதிகமா சாப்பிட்டுட்டேனா?" என்பதையும் கேட்டாள். அதைக் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. சாப்பாட்டால் வந்ததில்லை என்றார் நர்ஸ். கம்மியாகச் சாப்பிட்டதாலும் இல்லை. சிலருக்கு நஞ்சுக்கொடி அப்படி. யார் தப்பும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் அவளை மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனாரையும் பார்த்தார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவன் மாலையில் வந்தான், கையில் நான்கடுக்குப் பாத்திரத்தோடு. வார்டில் இருந்த ஆறு பேருக்கும் அது போதும். கட்டிலருகே வந்து நின்றவன் எதிரே உட்காரப் போய், ஏதோ நினைவு வந்தவன் போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் கை தட்டச் சொல்லல, அவங்களாத்தான் தட்டினாங்க" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகையும் வந்தது. அவன் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை ஸ்கேன் அறை. மாத்திரையில் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாத்தனார்தான் கூட வந்தாள். ஸ்கேன் டாக்டர் இளம்பெண். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிவிட்டுத் திரையில் சிறிய கூட்டல் குறிகளை இங்கும் அங்கும் வைத்துக்கொண்டே வந்தார். தலைக்குக் குறுக்கே ஒன்று. வயிற்றைச் சுற்றி ஒன்று. பிறகு ஒரு சின்ன வெள்ளைக் குச்சி.

"இது தொடை எலும்பு. இந்த மூணு அளவையும் வச்சு எடையைக் கணக்குப் போடுவோம்."

"எடை போடாமலே எடையா?"

"ஆமா. ஒரு கிலோ ஐநூத்தி அறுபது. நூத்தம்பது, இருநூறு கிராம் கூடக் குறைய இருக்கலாம்."

"இருநூறா!"

"டாக்டர்கிட்டயும் வழக்கு வச்சுக்காத, பேசாம படு" என்றாள் நாத்தனார். ஆனால் அவளும் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தை சிறியது, ஆனால் தன் வளர்ச்சிக் கோட்டிலேயே வளர்ந்து வருகிறது என்றார் டாக்டர். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது. இன்றைக்கு வெளியே எடுக்க வேண்டியதில்லை. தினமும் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் நல்லது. எத்தனை நாள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

அவள் தலையசைத்தாள். பயம் போகவில்லை. ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. வெள்ளைக் குச்சி காணாமல் போய், வேறு ஏதோ வந்து, அதன் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி.

"அது என்ன டாக்டர், கறுப்பா?"

"இரைப்பை. சுத்தி இருக்கிற தண்ணியைக் குடிக்குது இல்லையா, அதுதான் கறுப்பாத் தெரியுது. இப்பத்தான் குடிச்சிருக்கு."

"தானாவா? யாரும் சொல்லாமலா?"

"தானாத்தான்."

"அதுக்குப் பசிக்குமா?"

டாக்டர் கருவியை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "தெரியலைங்க. அதை நான் யோசிச்சதில்ல" என்றார்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.